வேலிகாத்தானை வேரோடு பிடுங்கிவிட்டேன், அத்தை

கதவுக்குப் பின்னாலேயே நின்று பத்தொன்பது வருஷம் எனக்குச் சோறு போட்ட என் அத்தைக்கு,

உங்கள் மாப்பிள்ளை எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது இதுதான் முதல் தடவை. மாமியார் மாப்பிள்ளை முன்னால் வந்து நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பது உங்கள் காலத்து மரியாதை. அதை நீங்கள் கடைசி வரைக்கும் விடவில்லை. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் உங்கள் மகளிடம் சொல்வீர்கள். தேவகி வீட்டில் இல்லாவிட்டால் ஆட்டிடம் சொல்வீர்கள்.

"ஏ கருப்பி, கடையிலேர்ந்து வந்தவங்கள கை கால் கழுவிட்டு சாப்பிடச் சொல்லு. மீன் கொழம்பு சட்டியில இருக்குது."

கருப்பி அசை போட்டுக்கொண்டே என்னைப் பார்க்கும். நானும் கருப்பியிடமே, "இப்ப பசிக்கல, அப்புறமா சாப்பிடுறேன்னு சொல்லு" என்பேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நமக்கு அது பழகிப்போனது. நடுவில் ஆடு நின்ற வரைக்கும் நம் வீட்டில் மாமியார் மாப்பிள்ளை சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. வந்தாலும் ஆடுதான் வாங்கிக் கட்டிக்கொண்டது.

இப்போது கதவுக்குப் பின்னால் நீங்களும் இல்லை, கருப்பியும் இல்லை. நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். நம் நிலத்தில் மண்டிக் கிடந்த வேலிகாத்தான் முள்மரம் மொத்தமும் போய்விட்டது. வெட்டவில்லை அத்தை, வேரோடு பிடுங்கியாகிவிட்டது. கிணறு நம்முடையதுதான் என்று சர்வேயர் அளந்து எழுதிக் கொடுத்துவிட்டார். பிடுங்கியது யார் தெரியுமா? ஊசி பிடிக்கிற இதே கைதான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? கரி மூட்டக்காரரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். அங்கேதான் என் மானம் போனது.

மாமா போன பிறகு நீங்கள் தனி ஆளாக மல்லாட்டைக் கடலை போட்டு எடுத்த நிலம் அது. ஒன்றேகால் ஏக்கர், உப்பளத்தை ஒட்டினாற்போல். உங்களுக்கு முழங்கால் போனதும் பயிர் நின்றது, வேலிகாத்தான் நுழைந்தது. நாலைந்து மழை கண்டதும் ஆள் உள்ளே போக முடியாத முள்காடு ஆகிவிட்டது. நான் திண்டிவனத்துக்காரன். மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜாக்கெட் தைக்கிறவன். எனக்கு என்ன தெரியும்? கரி மூட்டம் போடுகிற ஒருவர் கடைக்கு வந்து, "சும்மாவே வெட்டித் தர்றேன் டெய்லரே. வெறகு எனக்கு, நெலம் உங்களுக்கு" என்றார். கைக்காசு போகாமல் வேலை முடிகிறதே என்று தலையாட்டிவிட்டேன்.

பத்து நாளில் எல்லாம் வெட்டிக்கொண்டு போனார். நிலம் மொட்டை அடித்த தலை மாதிரி இருந்தது. பெருமையாக, உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும்படி தேவகியிடம் சொன்னேன். நீங்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினீர்கள். அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையிலிருந்தும் பத்துக் கிளை வெடித்துக்கொண்டு வந்தது. ஒரு மரம் நின்ற இடத்தில் இப்போது ஒரு பெரும் புதர். அதை நீங்கள் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் நான் உள்ளே உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் உங்கள் குரல் கேட்டது.

"ஏ கருப்பி, வெட்டுறதுக்கும் புடுங்குறதுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள எங்கனா பாத்திருக்கியா? ஊசி புடிக்கிற கை. ஒரு முள்ளு புடுங்க லாயக்கு இல்ல."

எனக்குக் கோபம் வந்தது அத்தை. இப்போது சொன்னால் என்ன. இரண்டு நாள் உங்கள் கைச் சோறு வேண்டாம் என்று கடையிலேயே பரோட்டா வாங்கித் தின்றேன். மூன்றாம் நாள் நெத்திலிக் குழம்பு வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்த வார்த்தையை மறக்கவில்லை.

அடுத்தது கிஸ்தி. அதிலும் நான் உங்களைக் கிண்டல் செய்தவன்தான். நிலம் விளைந்தாலும் விளையாவிட்டாலும் வருஷம் தவறாமல் நீங்கள் பஸ் ஏறி வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போவீர்கள். கட்டுகிற நிலவரி இரண்டு டீக்குக் காணாது. பஸ்ஸுக்கே அதைவிடக் கூட ஆகும். வி.ஏ.ஓ. வெளியே போயிருந்தால் வருகிற வரைக்கும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து, ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் திரும்புவீர்கள். வந்ததும் பிஸ்கட் டப்பாவில் பத்திரம் செய்வீர்கள்.

ஒரு தடவை கேட்டேவிட்டேன். "கருப்பி, ரெண்டு டீ காசு கட்டுறதுக்கு நாலு டீ காசு பஸ்ஸுக்குக் குடுக்குற ஆள எங்கனா பாத்திருக்கியா?"

அடுப்படியிலிருந்து உடனே பதில் வந்தது. "கருப்பி, நெலம் வெச்சிருக்கிறவங்க ரெண்டு வேல செய்யணும்னு சொல்லு. கிஸ்தி கட்டணும், முள்ளு புடுங்கணும். ஒண்ண நான் செய்யிறேன். இன்னொண்ண செய்ய ஆள் இல்ல."

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் உங்களைப் படுக்க வைத்திருந்த கடைசி நாட்களில் கதவும் இல்லை, ஆடும் இல்லை. தேவகி மாத்திரை வாங்கப் போயிருந்தாள். கட்டில் பக்கத்தில் நான் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமல் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தீர்கள். "கிஸ்தி கட்டச் சொல்லு" என்று ஃபேனிடம் சொன்னீர்கள். "கட்டுறேன்னு சொல்லு" என்று நானும் ஃபேனுக்கே பதில் சொன்னேன்.

கட்டவில்லை அத்தை. முதல் வருஷம் உங்கள் காரியம், அலைச்சல். அடுத்த வருஷம், இந்தச் சின்னத் தொகைக்கு யார் போவது என்ற சோம்பல். இரண்டு வருஷம் விட்டுவிட்டேன். இதை தேவகியிடம் சொல்லவும் இல்லை. உங்களிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று ஊரைச் சுற்றியது. அவரவர் நிலத்தில் இருக்கிற சீமைக் கருவேல மரங்களை, நாம் சொல்கிற வேலிகாத்தானை, நிலத்துக்குச் சொந்தக்காரர்களே வேரோடு அகற்ற வேண்டும், அகற்றாவிட்டால் ஊராட்சியே அகற்றி அந்தச் செலவை அவர்களிடம் வசூலிக்கும் என்று அறிவிப்பு. மறுநாள் நோட்டீசே வீட்டுக்கு வந்துவிட்டது. முப்பது நாள் கெடு. மேலே உங்கள் பெயர், பட்டம்மாள்.

"அவங்க இல்லீங்களே" என்றேன், கொண்டுவந்தவரிடம்.

"பட்டா அவங்க பேர்லதான இருக்குது. வாங்கிக்குங்க" என்றார். உங்களுக்கு வந்த கடிதத்துக்கு நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

அன்று சாயங்காலமே மாமாவின் அண்ணன் மகன் ஏழுமலை மச்சான் வந்தார். உங்கள் கொழுந்தனாரோ ஓர்ப்படியோ வந்திருந்தால் நீங்கள் காபி போட்டிருப்பீர்கள். மூத்தார் மகன் என்றால் கூடவே முறுக்கும் கொடுப்பீர்கள். தேவகியும் கொடுத்தாள். மச்சான் முறுக்கைக் கடித்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ள, நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க? என் செலவுல ஜேசிபி வெச்சு ரெண்டு நாள்ல தொடச்சி எடுத்துடுறேன். உங்களுக்கு ஒத்த ரூபா செலவு இல்ல. ஒண்ணே ஒண்ணு, பனமரம் வரைக்கும்தான் உங்களுது. அந்தாண்ட கெணறு எங்கப்பா பாகம். எங்கப்பாவே சொல்லியிருக்காரு, பனைதான் எல்லைன்னு. எங்க நெலத்த வாங்க பாண்டியிலேர்ந்து ஒரு பார்ட்டி வந்திருக்குது. நல்ல தண்ணி கெணறு இருந்தா உடனே அட்வான்ஸ்ன்றாங்க."

தேவகி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "அது எங்கம்மா தோண்டுன கெணறுண்ணா."

"தோண்டுனது சித்திதான், யாரு இல்லன்னா? தோண்டுன எடம் யாருதுன்றதுதான் இப்ப பேச்சு" என்றார் மச்சான்.

அவர் கெட்டவர் இல்லை. அவர் நம்பியதைத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கிணறு போனால் நம்மிடம் மிஞ்சுவது என்ன? நாலு பக்கமும் உப்பு. பத்தடி தள்ளித் தோண்டினால் வாயில் வைக்க முடியாத தண்ணீர். அந்த ஒரு இடத்தில்தான் இளநீர் மாதிரி வருகிறது. மாமா இறந்த வருஷம் நீங்கள் கம்மலை அடகு வைத்துத் தோண்டிய கிணறு என்று தேவகி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். மச்சான் போன பிறகு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கம்மா கட்டுன கிஸ்தி எல்லாம் அந்தக் கெணத்துக்கும் சேத்துத்தானங்க?" என்றாள்.

மறுநாள் வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். இப்போது இருப்பவர் சின்ன வயசுக்காரர். கணக்கைப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷம் நிக்குதே சார். அதுக்கு முன்னாடி ஒரு வருஷம்கூட விடல போல" என்றார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நிலுவையைப் பட்டா மாறியதும் கட்டிவிடலாம், எல்லை விஷயத்தில் மட்டும் தான் ஒன்றும் சொல்ல முடியாது, சர்வேயர்தான் அளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சர்வேயர் ஒரு பெண். மனு கொடுத்த நாலாம் நாள் வந்து வரப்பில் நின்று முள்காட்டைப் பார்த்தார். "இதுக்குள்ள எப்படி சார் அளக்குறது? மொதல்ல சுத்தம் பண்ணுங்க. எல்லையில பழைய சர்வே கல்லு இருந்தா ரொம்ப நல்லது, ஒரே நாள்ல முடிச்சிடலாம். கல்லு காணாமப் போயிருந்தா ரெண்டு பேரும் ஒத்துக்கணும், இல்லன்னா கேஸு, கோர்ட்டுன்னு இழுத்துக்கிட்டுப் போவும்" என்றார். கிளம்பும்போது திரும்பி இன்னொன்றும் சொன்னார். "கல்லப் பத்திரமா பாத்துக்கிறதும் நெலத்துக்காரங்க பொறுப்புதான் சார். ஜேசிபி உட்டீங்கன்னா வேரோட கல்லும் போயிடும்."

ஆக, நிலம் என்று ஒன்று இருந்தால் கிஸ்தி கட்ட வேண்டும், முள் பிடுங்க வேண்டும், கல்லைக் காக்க வேண்டும். மூன்றிலும் நான் பூஜ்யம். முப்பது நாளில் நாலு நாள் போய்விட்டது. கெடு முடிந்த மறுநாள் ஊராட்சியே மெஷினை இறக்கிவிடும். அந்த வேலையை எடுத்துச் செய்யப்போவதும் மச்சானுக்குத் தெரிந்த ஜேசிபிக்காரர்தான். கல் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கல் போனால் கிணறும் போய்விடும்.

தீபாவளிக்கு முந்தின பதினைந்து நாள் தையல்காரனுக்கு எப்படிப்பட்ட நாட்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் புடவையைக்கூடத் தீபாவளிக்கு அப்புறம்தான் ஓரம் அடித்துத் தருவேன். அப்படிப்பட்ட நாளில் காலையில் கடையைச் சாத்திவிட்டு கடப்பாரையோடு கிளம்பினேன். மத்தியானத்துக்கு மேல்தான் மெஷினில் உட்கார்ந்தேன். "டெய்லரு முள்ளு வெட்டப் போயிட்டாராம், நம்ம ஜாக்கெட்டு பொங்கலுக்குத்தான்" என்று கடை வாசலில் பெண்கள் திட்டியது எல்லாம் காதில் விழுந்தது. ஒரு பெண் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நல்ல வேளை, மழை முந்திக்கொண்டது. மழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. செங்கேணியை உங்களுக்குத் தெரியும், நமக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள், உப்பு வாருகிறவள். அவளும் இன்னும் ஐந்து பெண்களும் கூலிக்கு வந்தார்கள். முதல் நாள் நான் ஒரு கட்டையைப் பிடித்து இழுத்து, பின்னால் சேற்றில் மல்லாந்து விழுந்தேன். அவர்கள் சிரித்து முடிக்கக் கால் மணி ஆனது.

"டெய்லரண்ணா, இது சட்டைக் கை இல்ல, பிடிச்சு இழுத்தா வர்றதுக்கு" என்றாள் செங்கேணி. "சுத்தி மண்ண எடுங்க. பக்கத்துல ஓடுற வேர மொத வெட்டுங்க. அப்புறம் நடுவேரு கீழ கடப்பாரைய விட்டு நெம்புங்க. வேரு முழுசா வரணும். துண்டு உள்ள நின்னுச்சுன்னா அதுவே மொளைக்கும்."

அப்படித்தான் செய்தோம். ஈர மண்ணில் வேர் கொடுத்தது. ஒரு கட்டைக்கு ஒரு மணி, பெரிய கட்டைக்கு அரை நாள். முள் குத்தி என் ஆள்காட்டி விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. ஊசியில் நூல் கோக்கத் தேவகிதான் வர வேண்டியதாகிவிட்டது. தீபாவளி அன்றைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு போய் இரண்டு கட்டை எடுத்தோம். தேவகி முதல் வாரம் சோறு கொண்டுவந்தாள், இரண்டாம் வாரம் தானே மண்வெட்டி எடுத்துக்கொண்டாள். இருபது நாளில் நிலத்தின் தரை தெரிந்தது. கடல் காற்று முதல் தடவையாக நேராக வந்து முகத்தில் அடித்தது.

தரை தெரிந்தது, கல் தெரியவில்லை.

அங்கேதான் ஒரு கோமாளித்தனம் செய்தேன். அளவு எடுப்பது என் தொழில் ஆயிற்றே என்று தலைக்கனம். சர்வேயர் கொடுத்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, மேற்கு மூலைக் கல்லிலிருந்து கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்தேன். காலேஜிலிருந்து லீவுக்கு வந்த உங்கள் பேத்தி, "அப்பா, ஸ்கெட்ச்ல இருக்கிறது மீட்டரு. நீங்க கஜத்துல அளக்குறீங்க" என்றாள். இரண்டு நாள் கஜக்கணக்கில் பனைமரத்தடியில் குழி தோண்டியிருக்கிறேன் அத்தை. துணிக்கடைப் புத்தி எங்கே போகும்? மச்சான் வரப்பில் நின்று அதையும் பார்த்தார். "நான்தான் சொன்னேனே மாப்ள, பனையாண்டதான் எல்லைன்னு. நீங்களே அங்கதான் தோண்டுறீங்க" என்றார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மீட்டரில் அளந்தபோது கயிறு கிணற்றைத் தாண்டிப் போய், இருப்பதிலேயே பெரிய கட்டையின் மேல் நின்றது. தொட்டால் இரண்டு நாள் வேலை வைக்கும் என்று கடைசிக்கு விட்டு வைத்திருந்த கட்டை. சுற்றிலும் வெறும் மண், கல்லின் தலைகூடத் தெரியவில்லை. கெடுவுக்கு மூன்றே நாள். மறுபடியும் தப்பாக அளந்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தேவகி அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள். "ஏங்க, அம்மா ஆட்ட எங்க கட்டுவாங்க?"

"வீட்டுல, முருங்க மரத்துல."

"அது சாயங்காலம். மத்தியானம் இங்கதான் ஓட்டிக்கிட்டு வருவாங்க. தண்ணி எறைச்சு முடிக்கிற வரைக்கும் கெணத்துக்கு அந்தாண்ட ஒரு கல்லுல கட்டுவாங்க. கயிறு இங்க வரைக்கும் எட்டும், தொட்டித் தண்ணிய குடிக்கும். நான் சின்னப் புள்ளையில அந்தக் கல்லு மேல உக்காந்திருக்கேன்."

செங்கேணி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் கையால் மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள். இரும்பு பட்டால் கல் அசைந்துவிடும் என்று யாரும் சொல்லாமலே ஆறு பேரும் கையால்தான் எடுத்தார்கள். மழை அடித்துக்கொண்டு வந்து மூடிய மண்ணில் ஒரு முழம் ஆழம் போனதும் வேர் விலகிக்கொண்டே வந்து, நடுவில் கருங்கல் தெரிந்தது. அந்த வேலிகாத்தான் உங்கள் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது அத்தை. ஜேசிபி ஒரு தடவை அள்ளியிருந்தால் மரமும் கல்லும் சேர்ந்தே லாரியில் போயிருக்கும்.

வேரை ஒவ்வொன்றாக அரிவாளால் சீவி எடுத்தேன். ஜாக்கெட்டில் தப்பாகப் போட்ட தையலைப் பிரிக்கிற மாதிரி, துணி கிழியாமல். அந்த ஒரு வேலைக்காவது என் கை உதவியது. கல்லைக் கழுவியபோது அதன் கழுத்தைச் சுற்றி ஒரு தடம் தெரிந்தது. கயிறு அறுத்த தடம். எத்தனை வருஷம், எத்தனை ஆடு. தேவகி அந்தத் தடத்தில் விரலை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று செங்கேணியிடம் பொய் சொன்னேன்.

கெடு முடிகிற அன்று சர்வேயர் வந்தார். மச்சானும் வந்தார், ஊராட்சி ஆளும் வந்தார். சங்கிலி பிடித்து அளந்தார்கள். வரைபடத்தில் சொன்ன இடத்துக்கும் கல்லுக்கும் ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை. மச்சான் விடவில்லை.

"மேடம், இந்தக் கல்ல இத்தினி நாளா யாரும் பாத்ததில்ல. மாப்ளயே கொண்டாந்து நட்டிருந்தா?"

தேவகி மச்சானின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லருகில் உட்கார வைத்தாள். "நீயே பாருண்ணா" என்றாள். மச்சான் கல்லைப் பார்த்தார். கழுத்துத் தடத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார்.

"சித்தி ஆடு கட்ற கல்லு" என்றார் கடைசியாக. "நானே அவுத்து உட்டு அடி வாங்கியிருக்கேன். அப்பா சொன்ன பன இது இல்ல போலக்குது. அது இங்க நின்னு பொயல்ல சாஞ்ச பன. எனக்குத்தான் தெரியாமப் போச்சு." எழுந்து சர்வேயரிடம் போய், "எழுதிக்குங்க மேடம். கெணறு எங்க சித்தியுதுதான். நான் கையெழுத்து போட்டுடுறேன்" என்றார்.

கேட்டீர்களா அத்தை? உங்கள் மூத்தார் மகன் ஊருக்கு நடுவில் சொன்னது இது. பாண்டிப் பார்ட்டி வேறு இடம் பார்க்கப் போய்விட்டது. மச்சான் நிலத்திலும் வேலிகாத்தான் மண்டிக் கிடந்தது, அவருக்கும் நோட்டீஸ் வந்திருந்தது. மறுவாரம் நானும் அந்த ஆறு பெண்களும் போய் அதையும் எடுத்துக் கொடுத்தோம். நெம்புகிற விதத்தை நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். "பக்க வேர மொத வெட்டுங்க மச்சான்" என்று சொன்னபோது என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. இந்தக் கோடையில் அவர் தர்பூசணி போட நம் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் எடுத்தார். நீங்கள் இருந்திருந்தாலும் கொடுத்திருப்பீர்கள்தானே?

ஒரு விஷயம் கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த முள் நம் நிலத்துக்குள் எப்படி வந்தது என்று செங்கேணி சொல்லிவிட்டாள். உரம் வேண்டும் என்று நீங்கள்தான் ஒரு கோடையில் ஆட்டுக்கிடை போட்டீர்களாம். ஊர் ஆடு எல்லாம் வேலிகாத்தான் காயைத் தின்றுவிட்டு வந்து நம் மண்ணில் புழுக்கை போட்டிருக்கிறது. விதை அதிலேதான் இருந்திருக்கிறது. ஆக முள்ளை வெட்டி வளர்த்தவன் நான், விதைத்தவர் நீங்கள். நாம் இரண்டு பேரும் எல்லாவற்றையும் கருப்பி தலையில் போட்டுப் பேசியது எந்த ஊர் நியாயம்? போகட்டும், கணக்கு நேராகிவிட்டது.

பட்டா தேவகி பெயருக்கு மாறிவிட்டது. வாரிசுச் சான்று, இ-சேவை மையம் என்று மூன்று மாதம் அலைந்தேன். போன வாரம் கிஸ்தி கட்டப் போனேன். நிலுவையும் இந்த வருஷத்துக்குரியதும் சேர்த்து. "ஆன்லைன்லயே கட்டலாமே சார், எதுக்கு பஸ் ஏறி வந்தீங்க?" என்று வி.ஏ.ஓ. கேட்டார். "எங்க வீட்டுல எப்பவும் நேர்ல வந்துதான் கட்டுவாங்க" என்றேன். அவர் வெளியே கிளம்பவேண்டி இருந்தது. வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன். பிஸ்கட் டப்பாவில் உங்கள் ரசீதுகளுக்கு மேலே வைத்திருக்கிறேன். தேவகி ரசீதில் இருந்த தன் பெயரை மூன்று தடவை படித்துப் பார்த்தாள்.

நிலத்தில் மல்லாட்டை பூ விட்டிருக்கிறது. நடுநடுவே வேலிகாத்தான் கன்றும் தலை காட்டுகிறது. மண்ணில் விதை இன்னும் எத்தனை வருஷத்துக்கு இருக்குமோ, செங்கேணிக்கும் தெரியவில்லை. காலையில் கடை திறக்கப் போகும்முன் ஒரு சுற்று வருகிறேன். விரல் அளவு இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுகிறேன். இது என் வாக்கு அத்தை: என் கால் நடக்கிற வரைக்கும் கிஸ்தி ஒரு வருஷமும் தவறாது, ஒரு முள்ளும் முழங்கால் உயரம் வளராது, அந்தக் கல் ஒரு விரல்கூட நகராது. இதை ஃபேனிடம் சொல்லவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

கல்லில் இப்போது கருப்பியின் பேத்தியைக் கட்டியிருக்கிறேன். அதற்கும் கருப்பி என்றுதான் பெயர். பழைய தடத்திலேயே கயிறு சரியாக உட்கார்ந்துகொண்டது. நேற்று காலை ஒரு கன்றைப் பிடுங்கி, வேர் அறாமல் முழுசாக அதன் முன்னால் தூக்கிக் காட்டினேன்.

"ஏ கருப்பி," என்றேன், "மாப்ள முள்ளு புடுங்கிட்டாருன்னு சொல்லு."

அது கிணற்றுப் பக்கம் திரும்பிக் கத்தியது.

இப்படிக்கு,
ஊரார் கேலியாகச் சொன்ன பெயரை இன்று நானே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்,
உங்கள் வீட்டோடு மாப்பிள்ளை
டெய்லர் சேகர்